பெயர்ப்பலகை

வங்கிக் குமாஸ்தாவுக்கு மனிதர்கள் முதலில் படிவங்களாகத்தான் அறிமுகமாகிறார்கள். ஆத்தூரில் நான் உட்காரும் கவுண்டருக்குக் கோடை முடிந்ததும் வருகிறவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளின் படிப்புக்காக வருகிறவர்கள். உதவித்தொகைக் கணக்கு, கல்விக் கடன், வருமானச் சான்றிதழ் நகல். 2024 ஜூலையில் ஒருநாள், வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்யும் ஒரு அம்மாள் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் நீட் எழுதியிருந்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பெண் படித்தது அரசு உதவி பெறும் பள்ளியில். அரசுப் பள்ளியில் அல்ல. ஒதுக்கீடு அவளுக்குக் கிடையாது என்று சொன்னேன். தாயார் கேட்டார்:

"எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் கவர்மெண்டுதான ஸார் சம்பளம் குடுக்கு?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பது தெரியும். அது பதில் ஆகாது. இந்தக் கேள்விக்குப் பின்னால் இந்தக் கரையின் சரித்திரம் இருக்கிறது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

தாமிரபரணியின் கழிமுகத்தைச் சுற்றியுள்ள இந்தப் பிரதேசத்துக்குப் பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் கையால் வரவில்லை. 1542ல் வந்திறங்கிய பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறை ஊர்களில் பரதவர் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்வித்தார். அதைக் கல்வி என்று சொல்லத் தயக்கம்தான். ஆனால் கடலில் மூழ்குகிறவனின் பிள்ளையும் உட்கார்ந்து பாடம் கேட்கலாம் என்ற எண்ணத்துக்கு அதில் ஒரு தொடக்கம் இருக்கிறது. முந்நூறு வருஷங்கள் கழித்து, 1840களில், ஆத்தூருக்கு அருகிலேயே சாயர்புரத்தில் ஜி.யு. போப் பள்ளி நடத்தினார். இடையன்குடியில் கால்டுவெல். நாசரேத்தில் 1876 முதல் மர்காஷிஸ். பனையேறிகளின் பிள்ளைகள் சிலேட்டைத் தொட்டது இவர்கள் திறந்த கூரைக் கொட்டகைகளில்தான். பின்னர் நாடார் சமூகத்தின் சங்கங்கள் தாங்களே பள்ளிகளை எழுப்பிக்கொண்டன. மதமாற்றம், சாதி முன்னேற்றம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் இருந்தது. தூய தர்மசிந்தனை என்று நான் சொல்லவரவில்லை. விளைவைத்தான் சொல்கிறேன்.

அரசாங்கம் என்ன செய்தது? 1854ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, பள்ளிகளை அரசே நடத்துவதைவிடப் பிறர் நடத்துவதற்குப் பணம் கொடுத்து மேற்பார்வை பார்ப்பது நல்லது என்ற கொள்கையை வகுத்தது. செலவு குறையும், பொறுப்பும் குறையும். 'உதவி' என்ற சொல் அங்கிருந்து வருகிறது. சொல்லில் ஒரு தயவு தொனிக்கிறது. உண்மையில் அது வேலைப் பங்கீடு. கட்டடமும் நிர்வாகமும் ஒருவருடையவை, சம்பளம் இன்னொருவருடையது. சுதந்திரத்துக்குப் பின்னும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. 1956ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதுவும், 1982ல் எம்.ஜி.ஆர். அதை விரித்தபோது வந்த சத்துணவும் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பரிமாறப்படவில்லை. ஏற்கனவே உதவி பெறும் பள்ளி நன்றாக நடக்கும் ஊரில் அரசு இன்னொரு பள்ளி திறக்க அவசியம் பார்க்கவில்லை. ஆகவே எங்கள் பகுதியில் பல ஊர்களுக்குப் 'பொதுப் பள்ளி' என்பதே உதவி பெறும் பள்ளிதான்.

இனி, பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி. என் தகப்பனார் தலைமுறையில் கடைக்காரர் மகனும் கொடிக்கால் கூலிக்காரர் மகனும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். வேறு பள்ளி இல்லாததால் நேர்ந்த சமத்துவம் அது, யாரும் திட்டமிட்டதல்ல. 1970களின் இறுதியில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் பொறுப்பிலிருந்து மாநில அரசின் கீழ் வந்தன. அதன்பின் அவை பெருகின. இங்கிலீஷ் மீடியம் வாசலுக்கு வேன் அனுப்பியது. கடைக்காரர் மகன் போனான், அவன் பின்னால் வாத்தியார் மகனும் போனான். இன்னொரு பக்கம் பிறப்பு விகிதம் குறைந்தது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்ற அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் குறைந்தார்கள், வசதியுள்ளவர்கள் விலகினார்கள். மீந்தவர்கள் வேறு வழியில்லாதவர்கள். கட்டடம் அதேதான், பெயர்ப்பலகை அதேதான். உள்ளே இருக்கும் ஜனங்கள் மாறிவிட்டார்கள். கிராமத்து உதவி பெறும் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் இடையில் மிஞ்சியிருக்கும் வித்தியாசம் நிர்வாகிகளின் கையெழுத்துதான்.

இதே காலத்தில் மேலே போகும் படியில் சல்லடை மாறிக்கொண்டே இருந்தது. தொழிற்படிப்புகளுக்கு 1984ல் நுழைவுத் தேர்வு வந்தது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கு அது சௌகரியம். ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2006ல் சட்டசபை அதை ஒழித்தது. மறு வருஷம் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. நான் பிளஸ் டூ எழுதியது அதற்கு அடுத்த வருஷம். இனி மதிப்பெண் மட்டும்தான், கிராமத்தான் ஜெயிப்பான் என்று எங்கள் ஆசிரியர்கள் சந்தோஷப்பட்டார்கள். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போடவைத்து ஜெயித்தன. அந்தப் பத்து வருஷங்களிலும் மருத்துவக் கல்லூரிக்குள் போன அரசுப் பள்ளி மாணவர்கள் மிகச் சிலரே. நீட்டை எதிர்ப்பவர்கள் (நானும் எதிர்ப்பவன்தான்) இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். 2017ல் நீட் வந்தபோது மோசமாக இருந்தது மேலும் மோசமாயிற்று. தமிழ்வழி மாணவர்களின் பங்கு சரிந்ததை ஏ.கே. ராஜன் குழு 2021ல் எண்களோடு காட்டியது.

2020ல் நீதிபதி கலையரசன் குழு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு தரலாம் என்றது. அரசு 7.5 என்று வைத்தது. முதல் வருஷமே முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். சமீப காலத்தில் இவ்வளவு நேரடியாகப் பலன் தந்த சட்டம் வேறொன்று எனக்கு ஞாபகமில்லை. 2022ல் உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. அதைக் குறை சொல்வதல்ல என் நோக்கம். அது கோடு கிழித்த இடத்தைத்தான் கேட்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவனுக்கும் இடம் உண்டு. கொடிக்கால் கூலிக்காரரின் மகள், அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியரிடம் பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்தவள், வெளியே.

எங்களுக்கு எதிர்க்கரையிலும் முத்துக் குளித்தார்கள். அங்கே நடந்ததும் இந்த இடத்தில் யோசிக்கத் தக்கது. இலங்கையில் 1971ஆம் வருஷச் சேர்க்கையில் மருத்துவத்துக்கு 400க்கு 229 எடுத்த சிங்கள மொழி மாணவனுக்கு இடம் கிடைத்தது. தமிழ் மொழி மாணவனுக்கு 250 வேண்டியிருந்தது. எந்த மொழியில் எழுதினான் என்பது ஒன்றே கோடு. அவன் வீட்டில் விளக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. 1974ல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதிலும் யாழ்ப்பாணத்து மாணவன் இழந்தான். ஆனால் மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டத்துத் தமிழனுக்கு ஒரு கதவு திறந்தது. இரண்டும் ஒரே அரசின் காரியம், இரண்டாவதும் சுத்தமானதல்ல. இருந்தாலும் ஒரு கோடு பிள்ளையின் மேல் ஒட்டிய பெயரைப் பார்த்தது, மற்றது அவன் நிற்கும் இடத்தையும் பார்த்தது. இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்ய முடியாது. எங்கள் சட்டத்தை அந்த அநியாயத்தோடு ஒப்பிடவில்லை. பெயரைப் பார்த்துக் கிழிக்கும் கோடு, நல்ல நோக்கத்தோடு கிழித்தாலும், பிள்ளையைப் பார்ப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, பலமானதுதான். உதவி பெறும் பள்ளிகள் எல்லாம் ஒன்றல்ல. சென்னையிலும் திருச்சியிலும் மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் பள்ளிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எல்லோரையும் உள்ளே விட்டால் 7.5 சதவீதத்தை அவையே தின்றுவிடும், அரசுப் பள்ளிப் பிள்ளை பழைய இடத்துக்கே போவான். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிரச்னைக்கு வழி தெரியாது என்று அரசு சொல்ல முடியாது. 2024 ஜூலையில் காலை உணவுத் திட்டம் உதவி பெறும் பள்ளிகளுக்கு நீண்டபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு என்று வரம்பு கட்டியது அரசு. அதே டிசம்பரில், தூத்துக்குடியிலேயே, மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கு நீட்டினார்கள். கிராமம், தமிழ்வழி: கோடு எங்கே கிழிக்க வேண்டும் என்பது கோட்டைக்குத் தெரிந்திருக்கிறது. உப்புமாவுக்கும் ஆயிரம் ரூபாய்க்கும் கிழித்த கோட்டை மருத்துவக் கல்லூரி இடத்துக்குக் கிழிக்கவில்லை, அவ்வளவுதான். பசியில் சமம் என்று ஒத்துக்கொள்வது சுலபம். இடத்தில் சமம் என்றால் யாரோ ஒருவர் நகர்ந்து உட்கார வேண்டும்.

2025 ஜனவரியில் அந்தப் பெண் மறுபடி வந்தாள், தனியாக. பி.எஸ்ஸி. சேர்ந்திருந்தாள். ஆயிரம் ரூபாய்க்காகக் கணக்கில் ஆதாரை இணைக்க வேண்டும். தம்பி அதே ஊர் உதவி பெறும் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான், காலையில் அங்கேயே சாப்பிடுகிறான் என்றாள். படிவத்தில் 'பயின்ற பள்ளியின் வகை' என்று ஒரு கட்டம். அரசு, அரசு உதவி பெறும் என்று இரண்டு வாய்ப்பு. இந்தத் தடவை இரண்டில் எதை டிக் செய்தாலும் பணம் வரும். எதை டிக் செய்ய என்று அவள் என்னைக் கேட்கவில்லை.