கணனித் திரையும் பொறுப்பின் எல்லையும் – ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே முதன்மைப்படுத்துவர். ஒரு பொறி எப்போது தோன்றியது, அதனை ஆக்கியோர் யார், அது எத்துணை விரைவாக இயங்கிற்று என்பனவே அவ்வரலாறுகளிற் பேசப்படுவன. அப்பொறி பழுதுறும்போது பொறுப்பேற்போர் யார், இழப்பைச் சுமப்போர் யார் என்னும் வினாக்கள் அத்துணை அழுத்தம் பெறுவதில்லை. கணனியின் வரலாற்றிலும் இக்குறைபாடு உண்டு. பணிசெயல் முறைமை ஒன்று இற்றைப்படுத்தப்பட்ட மறுகணமே திரை கருமையாகிவிடுவதும், நேற்றுவரை செவ்வனே இயங்கிய கணனி நீலத்திரையுடன் நின்றுவிடுவதும் கணனியைப் பயன்படுத்துவோர் பலருக்குப் பழகிப்போன அனுபவங்கள். இவற்றைத் தற்செயலான விபத்துகளாகக் கொள்வதே வழக்கம். ஆயின் கடந்த நாற்பதாண்டுக்கால வரலாற்றை ஒழுங்குற நோக்குமிடத்து, இவை சில தீர்மானங்களின் விளைவுகள் என்பதும், அத்தீர்மானங்களை எடுத்தோர் ஒருசாராராகவும் அவற்றின் விலையைச் செலுத்தியோர் பிறிதொரு சாராராகவும் இருந்தனர் என்பதும் புலனாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இயக்கியின் தோற்றம்

கணனியின் திரையில் தோன்றும் உருவங்களைக் கணித்து வரைவது வரைகலை அட்டையின் தொழில். பணிசெயல் முறைமையோ கணனி முழுவதையும் ஆளுகின்ற மென்பொருள். இவ்விரண்டும் வெவ்வேறு நிறுவனங்களால் ஆக்கப்படுவன. ஒன்றின் மொழியை மற்றது அறியாது. இவற்றிடையே மொழிபெயர்ப்பாளர் போன்று நிற்கும் மென்பொருளே இயக்கி எனப்படுவது. மொழிபெயர்ப்பாளர் பிழைவிடின் இருசாராரும் தத்தமது கடமையைச் சரிவரச் செய்தாலும் உரையாடல் குழம்பிவிடும். இயக்கியின் நிலையும் அத்தகையதே.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணனியை வெளியிட்டபோது அதற்கென இருவகைத் திரை அட்டைகளே இருந்தன. 1987இல் அதே நிறுவனம் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறை பலராலும் பின்பற்றப்பட்டுப் பொதுநியமமாயிற்று. டொஸ் முறைமையின் காலத்தில், வரைபடம் வரையும் மென்பொருளாயினும் சொற்களைத் தொகுக்கும் மென்பொருளாயினும் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய இயக்கிகளைத் தானே சுமந்து வந்தது. ஆதலின் ஓர் இயக்கியின் பழுது ஒரு மென்பொருளின் பழுதாகவே கருதப்பட்டது. 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 பரவியதோடு இந்நிலை மாறிற்று. மென்பொருள்கள் முறைமையிடம் பேசின; முறைமை இயக்கி வாயிலாக அட்டையிடம் பேசிற்று. உழைப்புப் பெருமளவு மிச்சமாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் இயக்கி பழுதுபடின் அதனை நம்பிய அனைத்தும் ஒருங்கே பாதிக்கப்படும் நிலையும் அன்றுதான் உருவாயிற்று.

2. 1996ஆம் ஆண்டின் தீர்மானம்

இவ்வரலாற்றின் முதலாவது பெருந்திருப்பம் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் விண்டோஸ் என்.ரி. முறைமையோடு தொடர்புடையது. டேவிட் கட்லர் தலைமையில் உருவாக்கப்பட்டு 1993இல் வெளிவந்த அம்முறைமையின் முதற்பதிப்பு உறுதிப்பாட்டையே தன் முதற் குறிக்கோளாகக் கொண்டிருந்தது. முறைமையின் உட்கரு எனப்படும் மையப்பகுதி ஏனைய பகுதிகளிலிருந்து பிரித்துக் காக்கப்பட்டது. உட்கருவில் நேரும் பிழை கணனி முழுவதையும் நிறுத்திவிடும். அதற்கு வெளியே நேரும் பிழை அவ்வாறன்று. வரைகலைத் தொழிற்பாட்டின் பெரும்பகுதி அக்காலத்தில் உட்கருவுக்கு வெளியிலேயே வைக்கப்பட்டிருந்தது.

இவ்வேற்பாட்டிற்கு ஒரு விலை இருந்தது. திரையில் ஒரு கோடு வரைவதற்கும் எல்லையைக் கடந்து சென்று மீளவேண்டியிருந்தமையால் வேகம் குன்றியது. நினைவகமும் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே 1996இல் வெளிவந்த என்.ரி. 4.0 பதிப்பில் வரைகலைப் பகுதியும் அதன் இயக்கிகளும் உட்கருவுக்குள் கொண்டுவரப்பட்டன. விரைவு கூடியது. ஆனால் மைக்ரோசொவ்ற் எழுதாத, வேறு நிறுவனங்களின் ஊழியர் எழுதிய நிரல்கள் முறைமையின் மையத்தில் இடம்பெற்றன. காவலைத் தளர்த்தி வேகத்தைப் பெற்ற இத்தீர்மானம் முதலில் அலுவலகக் கணனிகளையே பாதித்தது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்து, என்.ரி. மரபு வீட்டுக் கணனிகளுக்கும் உரியதான பின்னர் அதன் விளைவு உலகெங்கும் பரவிற்று. எக்ஸ்பியில் அக்காலத்திற் பதிவான நிலைகுலைவுகளில் 85 வீதமானவை இயக்கிகளால் ஏற்பட்டவை என 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையொன்று குறிப்பிடுகின்றது. இது எல்லாவகை இயக்கிகளையும் சேர்த்த கணக்கு எனினும், உட்கருவின் வாயில் எத்துணை அகலமாகத் திறந்துகிடந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இதே காலப்பகுதியில் பிறிதொரு பிரச்சினையும் தலைகாட்டிற்று. முப்பரிமாண வரைகலையில் 1996 முதல் முன்னணியில் விளங்கிய 3டிஎவ்எக்ஸ் நிறுவனம் வீழ்ச்சியுற்றபோது அதன் சொத்துகளை என்விடியா நிறுவனம் வாங்கிக்கொள்ளும் உடன்பாடு 2000ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எக்ஸ்பி வெளிவந்தது. 3டிஎவ்எக்ஸ் அட்டைகளை வைத்திருந்தோர், தம் அட்டை பழுதுறாதிருந்தும், அதற்கெனத் தொடர்ந்து இயக்கி எழுதித்தர எவருமற்ற நிலையை அடைந்தனர். ஆர்வலர் சிலர் பழைய இயக்கிகளைத் தாமே திருத்திப் பகிர்ந்துகொண்டனர். பொருள் உரிமையாளனின் கையிலிருந்தாலும் அதன் ஆயுள் அவனது கையில் இல்லை என்பதை இந்நிகழ்ச்சி முதன்முறையாகத் தெளிவுறுத்திற்று எனலாம்.

3. விஸ்ராவும் அதன் படிப்பினையும்

1996இன் தீர்மானத்தை மீளாய்வு செய்யும் முயற்சியே விண்டோஸ் விஸ்ரா. வணிக நிறுவனங்களுக்கு 2006 நவம்பரிலும் பொதுமக்களுக்கு 2007 ஜனவரி 30ஆம் திகதியும் வெளியிடப்பட்ட இம்முறைமை, டபிள்யூ.டி.டி.எம். எனப்பட்ட புதிய இயக்கி அமைப்பைக் கொண்டுவந்தது. அதன்படி இயக்கி இரு கூறாக்கப்பட்டது. சிறுபகுதி உட்கருவில் எஞ்ச, பெரும்பகுதி வெளியேற்றப்பட்டது. வரைகலை அட்டை இரு விநாடிகளுக்கு மேல் விடையளிக்காதுவிடின் கணனியை நிறுத்தாமல் அட்டையை மாத்திரம் மீளத் தொடக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. தொழில்நுட்ப நோக்கில் இது சரியான சீர்திருத்தமே. பிற்காலத்து முறைமைகள் அனைத்தும் இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தன.

எனினும் சீர்திருத்தம் சரியானதாயினும் அது நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் பெருங்குழப்பத்தை விளைவித்தது. புதிய அமைப்பிற்கேற்ப இயக்கிகள் யாவும் பெரும்பாலும் புதிதாக எழுதப்படல் வேண்டும். பலமுறை பிற்போடப்பட்ட விஸ்ரா உரிய காலத்தில் வெளிவரும் என்பதை வன்பொருள் நிறுவனங்கள் நம்பவில்லை. எனவே 2006இன் பிற்பகுதிவரை அவை வேலையைத் தொடங்கவில்லை. மைக்ரோசொவ்ற்றின் உயர் அலுவலரான ஸ்ரீவன் சினொவ்ஸ்கி 2007இல் எழுதிய அகக் கடிதமொன்றே இக்காரணத்தை ஒப்புக்கொள்கின்றது. 2006 நவம்பரில் என்விடியா முற்றிலும் புதிய கட்டமைப்புடைய அட்டையொன்றையும் வெளியிட்டிருந்தமையால், புதிய அட்டைக்குப் புதிய முறைமையில் இயக்கி எழுதும் இரட்டைச்சுமை அதன்மீது விழுந்தது.

விளைவு எண்களிற் புலனாயிற்று. 2007இல் திரட்டப்பட்ட விஸ்ரா நிலைகுலைவுகளின் பதிவுகளில் 28.8 வீதமானவை என்விடியாவின் இயக்கிகளுடனும், 17.9 வீதமானவை மைக்ரோசொவ்ற்றின் நிரல்களுடனும், 9.3 வீதமானவை ஏ.ரி.ஐ. இயக்கிகளுடனும், 8.8 வீதமானவை இன்ரெல் இயக்கிகளுடனும் தொடர்புபடுத்தப்பட்டன. என்விடியாவின் அட்டைகள் சந்தையிற் பெரும்பங்கு வகித்தமையால் இவ்வெண்களை மாத்திரம் கொண்டு அதன் இயக்கிகளே மிக மோசமானவை என முடிவுகட்டல் பொருந்தாது. ஆயினும் மூன்று வரைகலை நிறுவனங்களின் பங்கையும் கூட்டின் அது ஏறத்தாழ 47 வீதமாகின்றது. நிலைகுலைவுகளுள் ஏறக்குறைய அரைவாசி வரைகலை நிறுவனங்களின் இயக்கிகளைச் சார்ந்தன என்பதே இங்கு கருதத்தக்கது.

4. நீதிமன்றத்தின் முன் இயக்கி

மேற்கூறிய எண்கள் வெளியுலகிற்குத் தெரியவந்தமை ஒரு வழக்கின் பயனாகும். விஸ்ரா வெளிவருமுன்னரே, 2006இல் விற்கப்பட்ட கணனிகளில் அவை விஸ்ராவுக்கு ஏற்றவை என்னும் ஒட்டி ஒட்டப்பட்டிருந்தது. புதிய இயக்கி அமைப்பை ஏற்கவல்ல கணனிகளுக்கே அவ்வொட்டி உரியது என்பது தொடக்கத்திலிருந்த நிபந்தனை. இன்ரெல்லின் 915 என்னும் சில்லுத் தொகுதியோ அவ்வமைப்பை ஏற்கமாட்டாதது. அச்சில்லுகளைக் கொண்ட கணனிகளும் ஒட்டியைப் பெறும்வகையில் நிபந்தனை தளர்த்தப்பட்டது. நிபந்தனையை நம்பி உயர்தரச் சில்லுகளில் முதலிட்ட ஹியூலற் பக்கார்ட் நிறுவனம் அதிருப்தியடைந்தது. ஒட்டியை நம்பி வாங்கியோரோ புதிய முறைமையின் அடிப்படைப் பதிப்பை மாத்திரமே இயக்க முடிந்தது. விளம்பரங்களிற் கண்ட ஒளிபுகும் திரைத் தோற்றம் அவர்களுக்குக் கிட்டவில்லை.

2007இல் சியற்றில் நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் இது தொடர்பாக வழக்குத் தொடரப்பட்டது. 2008 பெப்ருவரியில் நீதிபதி மார்ஷா பெக்மன் இதனைக் கூட்டு வழக்காக ஏற்றார். நிறுவனத்தின் அகக் கடிதங்களும் பகிரங்கமாயின. மைக்ரோசொவ்ற்றின் துணைத்தலைவர் ஒருவரே 2,100 டொலர் கொடுத்துத் தாம் வாங்கிய கணனி மின்னஞ்சலுக்கு மாத்திரமே பயன்படுவதாய் எஞ்சிற்று என நொந்துகொண்டமை அக்கடிதங்களால் தெரியவந்தது. உள்ளிருந்தோரே ஒட்டியின் பொருளை அறியாதிருந்தனராயின் கடைக்குச் சென்ற சாதாரண நுகர்வோன் அதனை எங்ஙனம் அறிவான்? எனினும் 2009 பெப்ருவரியில் கூட்டு வழக்கு என்னும் தகுதி நீக்கப்பட்டது. வாங்கிய அனைவரும் ஒருசேரப் பாதிக்கப்பட்டதைப் பொருளியற் சான்றுகளால் நிறுவ முடியாமற்போனமையே காரணம். தனித்தனியே வழக்காடும் உரிமை எஞ்சியது. ஆனால் ஓர் அட்டையின் விலைக்காகத் தனியொருவர் பெருநிறுவனமொன்றோடு வழக்காடல் நடைமுறைக்கு ஒவ்வாதது.

2009 ஒக்ரோபரில் வெளிவந்த விண்டோஸ் 7 பெருவரவேற்பைப் பெற்றது. விஸ்ராவுக்கென எழுதப்பட்ட இயக்கிகள் பெரும்பாலும் அதிலும் இயங்கின; இரண்டரை ஆண்டுக்காலத்தில் அவற்றின் பிழைகளும் களையப்பட்டிருந்தன. விஸ்ராவை வாங்கியோர் கொடுத்த விலையிலேயே விண்டோஸ் 7 இன் நற்பெயர் எழுந்தது எனக் கூறின் அது மிகையாகாது.

5. மாற்றுவழி ஒன்று

இயக்கி மூடுண்டிருத்தலே இச்சிக்கலின் வேர் எனக் கருதியோரும் உளர். 1980ஆம் ஆண்டையொட்டி மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்ரோல்மன், அங்கிருந்த ஸெரொக்ஸ் அச்சுப்பொறியின் இயக்கி நிரலைத் திருத்த விழைந்தபோது அது அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் தொடக்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்திற்கு இவ்வனுபவமும் ஒரு தூண்டுதலாயிற்று. பின்லாந்தின் லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிய லினக்ஸ் உட்கரு இச்சிந்தனையைப் பெரிதும் தழுவியது. அங்கு உட்கருவின் உள்ளிணைப்புகள் நிலையானவையல்ல. அவற்றை மாற்றுவோர், உட்கருவோடு சேர்ந்துள்ள இயக்கிகளையும் உடனே திருத்திவிடுவர். மாற்றத்தின் சுமையை மாற்றுவோரே ஏற்பது இங்கு விதியாகின்றது.

ஆயின் இவ்விதி திறந்த இயக்கிகளுக்கே பொருந்தும். என்விடியாவின் மூடிய இயக்கி உட்கருவுக்கு வெளியே நின்றமையால், உட்கரு இற்றைப்படுத்தப்படும்போதெல்லாம் அதனோடு பொருந்தாமற்போகும் இடர் நீடித்தது; கருந்திரையும் தொடர்ந்தது. 2012இல் பின்லாந்தின் ஆல்ரோ பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் ரோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தைக் கடுஞ்சொல்லாற் சாடியமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்படல் வேண்டும். ஏ.ரி.ஐ. நிறுவனத்தை வாங்கிய ஏ.எம்.டி. 2007 முதல் தனது சில்லுகளின் விபரங்களை வெளியிட்டு வந்தது. என்விடியாவோ 2022 மே மாதத்திலேயே, அதுவும் 2018க்குப் பிற்பட்ட அட்டைகளுக்குரிய உட்கருப் பகுதியை மாத்திரம் திறந்த நிரலாக வெளியிட்டது. திறந்த முறையும் முழுத்தீர்வன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் கைவிடப்பட்ட அட்டையைப் பிறர் எடுத்துப் பேணும் வாய்ப்பை அது விட்டுவைக்கின்றது.

6. முடிவுரை

2015இல் வெளிவந்த விண்டோஸ் 10, வீட்டுப் பதிப்பைப் பயன்படுத்துவோர் இற்றைப்படுத்தல்களை மறுக்கும் உரிமையைப் பெருமளவு நீக்கிற்று. முறைமை தானே நிறுவிய என்விடியா இயக்கிகள் சில கணனிகளிற் குழப்பம் விளைத்தபோது, விரும்பாத இற்றைப்படுத்தலை மறைக்கும் தனிக்கருவியொன்றை மைக்ரோசொவ்ற் வெளியிட நேர்ந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11, டபிள்யூ.டி.டி.எம். 2.0 இயக்கி இல்லாத அட்டைகளை ஏற்பதில்லை. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு முடிவுற்றது. பழுதுறாத பொருள்கள் பழையனவாக்கப்படும் நிகழ்வு 3டிஎவ்எக்ஸ் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

தொகுத்து நோக்கின், முறைமையை ஆக்குவோருக்கும் அட்டையை ஆக்குவோருக்கும் இடையிலான எல்லை 1990இல் வரையப்பட்டு, 1996இல் உள்நோக்கியும் 2006இல் வெளிநோக்கியும் நகர்த்தப்பட்டது. ஒவ்வொரு நகர்வுக்கும் தக்க தொழில்நுட்பக் காரணம் இருந்தது. ஆனால் அந்நகர்வின் சுமையை யார் ஏற்பது என்னும் வினா முன்கூட்டியே எழுப்பப்பட்டதில்லை. எழுப்பப்படாத வினாவிற்கு விடையாக அமைந்தவர், பேச்சுவார்த்தையில் இடம்பெறாத மூன்றாம் தரப்பினராகிய பயனரே. மாற்றம் தவிர்க்கப்படக்கூடியதன்று, அதன் சுமை அவர்மீதே விழவேண்டும் என்பதும் விதியன்று. தம் அட்டைக்கு எத்தனை ஆண்டுகள் இயக்கி கிடைக்கும் என்பதை வாங்குமுன்னரே அறியும் உரிமையும், உற்பத்தியாளர் கைவிட்ட பின் அதன் நிரலைப் பெறும் உரிமையும் அவருக்கு உறுதிசெய்யப்படுமாயின், இற்றைப்படுத்தலுக்கு மறுநாள் கருமையாகும் திரை அவரது தலைவிதியாக இராது.