விதை போட்டவள் பெயர்

அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி முழுக்க ஆப்பிள்தான். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் வாங்கி வருவது நம் ஊர் வழக்கம். அம்மாவுக்கோ கடிக்கப் பல் இல்லை. வேகவைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு, "சப்புன்னு கிடக்கு" என்று தள்ளிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆப்பிள் க்ரம்பிள் செய்யத் தொடங்கினேன். அடியில் ஆப்பிள் துண்டுகள், மேலே வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த உதிரி மாவு. அப்படியே அவனில் வைத்துச் சுட்டெடுக்க வேண்டியதுதான். ஆங்கிலேயர் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சூடாகக் கிண்ணத்தில் போட்டுத் தருகிற எளிய பண்டம்.

கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "புட்டுக்குப் பிசிறுற மாதிரியில்லா பிசிறுற" என்றாள். உண்மைதான். குளிர்ந்த வெண்ணெயை மாவில் போட்டு விரல் நுனியால் மட்டும் உரச வேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டால் வெண்ணெய் உருகி மாவு சப்பாத்திக்குப் பிசைந்ததுபோல் ஆகிவிடும். பிடித்தால் பிடிபடணும், உதிர்த்தால் உதிரணும் என்று புட்டு மாவுக்குச் சொல்கிற அதே பதம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாள்: "இது யாரு கண்டுபிடிச்ச பலகாரம்?"

"இங்கிலீஷ்காரங்கம்மா."

"இங்கிலீஷ்காரங்கன்னா? அதுக்குன்னு ஒருத்தி இருந்திருப்பால்லா?"

முனைவர் பட்டம் வாங்கி இருபதாண்டுக்குப் பக்கமாகத் தமிழ் நடத்துகிற என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அம்மா இப்போது இல்லை. அவள் கேட்ட அந்த ஒருத்தியைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆப்பிளிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தில் சமையலுக்கென்றே ஓர் ஆப்பிள் உண்டு. பச்சைத் தோல், கடுமையான புளிப்பு, கைக்கு அடங்காத பருமன். சூடு பட்டதும் கரைந்து பஞ்சுபோல் ஆகிவிடும். பை, க்ரம்பிள் எல்லாவற்றுக்கும் ஆங்கில வீடுகள் நம்பியிருப்பது அதைத்தான். அதன் பெயர் பிராம்லி.

1809இல், நாட்டிங்ஹம்ஷயர் மாவட்டத்தின் சவுத்வெல் என்ற சிற்றூரில், மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற இளம்பெண் சில ஆப்பிள் விதைகளை ஊன்றினாள். அவற்றில் ஒன்று முளைத்து வளர்ந்து மரமானது. விதையிலிருந்து வரும் ஆப்பிள் தாய்மரத்தைப்போல் இருக்காது. ஒவ்வொரு விதையும் ஒரு புது ரகம். ஆகவே அந்த மரத்தைப்போல் உலகில் வேறொன்று அப்போது இல்லை. 1846இல் அந்த வீட்டையும் தோட்டத்தையும் மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். பத்தாண்டு கழித்து, ஹென்றி மெர்ரிவெதர் என்ற பதினேழு வயது நாற்றங்கால்காரப் பையன் மரத்தைக் கண்டு ஒட்டுப்போடக் கிளை கேட்டான். எடுத்துக்கொள், ஆனால் ஆப்பிளுக்கு என் பெயர்தான் இருக்க வேண்டும் என்றார் பிராம்லி. அப்படியே ஆயிற்று. மேரி ஆன் அதற்கு முன்பே, 1852இல், இறந்துவிட்டிருந்தார். தான் ஊன்றிய விதை ஒரு நாட்டின் சமையலறைப் பழமாகப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

விதை போட்டவள் ஒருத்தி. பத்திரம் வைத்திருந்தவர் ஒருவர். பெயர் பத்திரத்தோடு போனது. அக்கால ஆங்கிலச் சட்டத்தில், திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882வரை கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரம் யாருடையது, பழத்தின் பெயர் யாருடையது என்பவை தோட்டக்கலைக் கேள்விகளாக மட்டும் இருந்ததில்லை.

அடுத்தது மேல்மாவு. க்ரம்பிளுக்கு முந்தைய அரசி பை. அதற்கு மாவையும் கொழுப்பையும் பிசைந்து, ஆறவிட்டு, தேய்த்து, அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக மூட வேண்டும். கொழுப்பு தாராளமாக வேண்டும்; நேரமும் வேண்டும். இரண்டாம் உலகப்போர் இவ்விரண்டையும் பறித்தது. 1940 ஜனவரி 8ஆம் தேதி பிரிட்டனில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரேஷன் வந்தது. போரின் பெரும்பகுதியில் ஓர் ஆளுக்கு வாரத்துக்குச் சுமார் 225 கிராம் சர்க்கரை, சுமார் 55 கிராம் வெண்ணெய். 1942இல் வெள்ளை ரொட்டியும் போய்ப் பழுப்பு மாவு வந்தது. 1941 டிசம்பரில் வந்த சட்டம், இருபதிலிருந்து முப்பது வயதுக்குட்பட்ட திருமணமாகாத பெண்களைப் போர்ப்பணிக்குக் கட்டாயமாக அழைத்தது. பகலில் ஆயுதத் தொழிற்சாலை, மாலையில் ரேஷன் வரிசை, இரவில் வான்தாக்குதல் சங்கு. இதற்கிடையில் யார் மாவு தேய்ப்பது?

க்ரம்பிள் பிரிட்டனில் பரவலானது இந்தக் காலத்தில்தான். அடிமாவு வேண்டாம். தேய்க்க வேண்டாம். வெண்ணெய் இல்லையென்றால் மார்கரின். மாவு போதவில்லையென்றால் ஓட்ஸ் தூவலாம். பழத்தின் இனிப்பே பாதி வேலையைச் செய்துவிடும். இதையொத்த ஆப்பிள் கிரிஸ்ப் 1920களிலேயே அமெரிக்கச் சமையல் நூல்களில் உண்டு என்பதால், இதை ஒரே நாளில் ஒருத்தி கண்டுபிடித்தாள் என்று சொல்ல முடியாது. பல ஊர்களில், பல அடுப்படிகளில், இருப்பதை வைத்துச் சமாளித்தவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது.

அதே போரில் பெயர் பெற்ற பண்டமும் உண்டு. உணவு அமைச்சர் வூல்டன் பிரபுவின் பெயரால் வந்த வூல்டன் பை. உருளைக்கிழங்கு, காரட், காலிஃபிளவர், ஸ்வீட் என்னும் கிழங்கு ஆகியவற்றை ஓட்ஸோடு வேகவைத்து மேலே மாவு மூடிச் சுடுவது. அதை வடிவமைத்தவர் லண்டன் சவாய் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் ஃபிரான்ஸ்வா லாட்ரி. பத்திரிகை, வானொலி, துண்டறிக்கை என்று அரசே அதைப் பரப்பியது. மக்கள் வேறு வழியின்றித் தின்றார்கள், கேலியும் செய்தார்கள். ரேஷன் முடிந்ததும் அது மறைந்தது. 1954 ஜூலையில் கடைசி ரேஷன் கட்டுப்பாடும் நீங்கிய பிறகு, வெண்ணெயும் சர்க்கரையும் வேண்டிய மட்டும் கிடைத்த பிறகும், வீடுகளில் தங்கியது பெயரில்லாத க்ரம்பிள்தான்.

இதைச் சொல்லிப் பூரித்துவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. 'பெயரில்லாமலேயே வென்றாள்' என்று பெண்ணைப் புகழ்வது எளிது. அந்தப் புகழ்ச்சிக்குச் செலவு எதுவும் இல்லை. நான் வகுப்பில் அகத்திணை நடத்துகிறவள். அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டக் கூடாது என்பது மரபு. அங்கே தலைவிக்கும் பெயரில்லை, தலைவனுக்கும் பெயரில்லை; அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அடுப்படி வரலாற்றில் ஒரு தரப்புக்கு மட்டும்தான் அந்த மரபு பொருந்துகிறது. அமைச்சரும் சமையல்காரரும் இறைச்சிக் கடைக்காரரும் புறப்பாட்டில் இருக்கிறார்கள்.

பெயரில்லாமை கூலியில்லாமையோடு சேர்ந்தே வரும். 1944 மார்ச் 28ஆம் தேதி பிரிட்டன் நாடாளுமன்றத்தில் கல்வி மசோதா மீது ஒரு திருத்தம் வந்தது. பெண் ஆசிரியர்களுக்கும் ஆண்களுக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று உறுப்பினர் தெல்மா கசலெட்-கீர் கொண்டுவந்தார். 117க்கு 116 என ஒரே ஒரு வாக்கில் வென்றது. பிரதமர் சர்ச்சில் அதை அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றி, சில நாட்களிலேயே அந்த வெற்றியை நீக்கச் செய்தார். குண்டு தயாரிக்கவும், குறைந்த கொழுப்பில் குடும்பத்தைக் காக்கவும் வேண்டியிருந்த அதே பெண்களுக்குச் சம ஊதியம் என்றதும் கிடைத்த பதில் இது.

எழுதி வைத்த பெண்ணும் இருந்தாள். 1937இல் தொடங்கிய 'மாஸ் அப்சர்வேஷன்' என்ற அமைப்பு, சாதாரண மக்களிடம் நாட்குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னது. வடமேற்கு இங்கிலாந்தின் கப்பல் கட்டும் ஊரான பாரோ-இன்-ஃபர்னஸில் இருந்த நெல்லா லாஸ்ட், 1939இல் எழுதத் தொடங்கினார். தன்னை அடையாளப்படுத்த அவர் எழுதியது, இல்லத்தரசி, 49 வயது என்பதுதான். சமையல், ரேஷன், தொண்டுப் பணி, கணவரோடு கசப்பு என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். 1981இல் அதன் போர்க்காலப் பகுதி நூலாக வந்தது. அவருக்குத் திறமை மட்டும் போதவில்லை. எழுது, அனுப்பு, பத்திரமாக வைக்கிறோம் என்று கேட்கிற ஓர் இடமும் தேவைப்பட்டது. அப்படிக் கேட்கப்படாத பெண்கள் எத்தனை பேர்!

இனி சர்க்கரை. அந்த 225 கிராமில் ஒரு பகுதி இங்கிலாந்திலேயே விளைந்த பீட்கிழங்குச் சர்க்கரை. மற்றது கப்பலில் வந்த கரும்புச் சர்க்கரை. கரும்பு விளைந்த காலனிகளில் ஒன்று மொரீஷியஸ். அதன் சர்க்கரைக்குப் பெரிய சந்தை பிரிட்டன். 1834 முதல் இந்தியாவிலிருந்து, சென்னைத் துறைமுகத்திலிருந்தும், ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன தீவு அது. 1943 செப்டம்பர் 27ஆம் தேதி, அத்தீவின் பெல் வியூ ஹாரெல் கரும்புத் தோட்டத்தில் கூலிக்காகப் போராடிய தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் ஒருவர் கர்ப்பிணிப் பெண். பெயர் அஞ்சலை கூப்பன்.

அஞ்சலை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று அஞ்சலைகள் உண்டு. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக பாரதி அழுத பாட்டை எத்தனையோ ஆண்டுகளாக நடத்தியிருக்கிறேன். இந்த ஒரு பெயர் என் பாடக்குறிப்பில் இல்லை. பிரிட்டிஷ் இல்லத்தரசி வாரச் சர்க்கரையில் இரண்டு கரண்டி மிச்சம் பிடித்துப் பிள்ளைகளுக்கு க்ரம்பிள் செய்த அதே ஆண்டில், அதே பேரரசில், அவள் சுடப்பட்டாள். அந்த இல்லத்தரசியைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவளுடைய கிண்ணத்தின் ஆறுதலில் இன்னொருத்தியின் கணக்கும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் அது பெண்களின் வரலாறு. மொரீஷியஸில் இன்று ஒரு விளையாட்டரங்கம் அஞ்சலை பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு சமூகம் முனைந்தால் பெயரைத் திரும்பக் கொண்டுவர முடியும்.

அம்மா போனபின் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பழைய ரேஷன் அட்டை இருந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அப்பா பெயர். சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெயிலில் வரிசையில் நின்ற அப்பாவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பால் கணக்கு எழுதிய நோட்டு இருந்தது. அவளுடைய புட்டோ, புளிக்கறியோ எப்படிச் செய்வது என்று ஒரு வரி இல்லை. குறை அவளிடம் இல்லை. நான் கேட்டதே இல்லை. ஆய்வுக்குத் தலைப்புத் தேடிய நாளில், பெண்களின் சமையல் சொற்களைத் தொகுக்கிறேன் என்றபோது, அதெல்லாம் ஆய்வாகாது என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வேறு தலைப்புக்குப் போனேன். அந்தத் தலையாட்டல்தான் இன்று உறுத்துகிறது.

அதனால் இப்போது எழுதி வைக்கிறேன். புளிப்பான ஆப்பிள் நான்கு. தோல் சீவித் துண்டாக்கி, இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகைப் பட்டைத்தூள் சேர்த்துப் பாத்திரத்தில் பரப்பவும். பிராம்லி நமக்குக் கிடைக்காது. பச்சை ஆப்பிளோடு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் போதும். மாவு 150 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 75, நாட்டுச் சர்க்கரை 75. புட்டுக்குப் பிசிறுவதுபோல் விரல் நுனியால் பிசிறி மேலே தூவவும், அழுத்த வேண்டாம். 180 டிகிரியில் 40 நிமிடம். ஓரத்தில் சாறு கொதித்து மேலே வரும்போது எடுக்கலாம்.

ஆப்பிள் தந்தவர் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு. பதம் சொன்னவர் என் அம்மா, செல்லம்மாள். அன்று அவள் ஒரு கிண்ணம் முழுக்கத் தின்றாள்.