மண்ணைக் கேட்டுக் கட்டியவர்கள்

கோயம்புத்தூரிலிருந்து வாளையாற்றைக் கடந்து மேற்கே செல்லும் புகைவண்டி கஞ்சிக்கோட்டை நெருங்கும்போது, பயணிகளின் கண்கள் இருபுறத்து மலைகளையே நாடுகின்றன. மண்ணை நோக்குவோர் மிகச் சிலர். ஆயினும் நோக்கத் தக்கது மண்ணே. கேரளத்தின் பெரும்பகுதியில் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் விரிந்து கிடக்க, கஞ்சிக்கோட்டுக்குத் தெற்கே சித்தூர் வட்டத்தில் மட்டும் கொங்கு நாட்டுக் கரிசல் எல்லை தாண்டி வந்து படிந்திருக்கிறது. 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்த கஞ்சிக்கோடு, பின்னர்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஊராயிற்று. இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்றும் அங்கே அமைந்துள்ளது. இத்தகைய எல்லைப்புறத்தில், ஓரிடத்து வழக்கத்தை மற்றோரிடத்துக்கு அப்படியே கொண்டு சென்று வீடு எழுப்புவது ஆபத்தானது.

கரிசல் மண் நீர் உண்டால் பருக்கும். வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அதன்மீது ஆழமின்றி அமைத்த கடைக்கால் மழைக்கு ஒருமுறை உயர்ந்து, கோடைக்கு ஒருமுறை தாழும். சுவரின் நடுப்பகுதியும் மூலைகளும் ஒரே அளவாக அசைவதில்லை. எனவே சாளரத்தின் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. அதைச் சுண்ணாம்பு பூசி மறைப்பர். அடுத்த ஆண்டு அது மீண்டும் தோன்றும். குற்றம் கொத்தனார்மேல் விழும். பல வேளைகளில் குற்றவாளி அவர் அல்லர்.

அடித்தளம் குழியில் பதிக்கப்படுகிறது. அக்குழிக்கு நம் கொத்தர்கள் இட்ட பெயரோ ‘வானம்’. வானம் தோண்டுவது பாறை கிடைக்கும் இடத்தில் எளிய வேலை. கஞ்சிக்கோட்டுக்கு அண்மையில் உள்ள மலம்புழை அணை அத்தகையது. 1949-இல் தொடங்கிய அப்பணி முடிவுற்று, 1955-இல் அன்றைய சென்னை முதலமைச்சர் காமராசர் அதனைத் திறந்து வைத்தார். கல்லணைகள் பாறைமேல் நிற்பவை. பாறையே எட்டாத இடத்தில் என் செய்வது?

இக்கேள்விக்குக் காவிரிக் கரையில் பழைய விடை ஒன்று உண்டு. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை, ஏறத்தாழ 1,080 அடி நீளத்தில் ஆற்று மணலின்மீதே நிற்கிறது. மணலில் இட்ட பெருங்கற்கள் தாழத் தாழ, அவற்றின்மேல் மேலும் கற்கள் இடப்பட்டன. களிமண் அவற்றைப் பிணைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு வந்த ஆர்தர் காட்டன், ஆழம் காணா மணலில் அடித்தளம் நிறுத்தும் வழியை அப்பழைய அணையைக் கட்டியோரிடமிருந்தே தாம் கற்றதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கோதாவரியில் 1847 முதல் 1852 வரை தவளேசுவரம் அணையை எழுப்பியபோது அவருக்கு அப்பாடம் பயன்பட்டது. மணலில் செங்கற் கிணறுகளை இறக்கி, உள்ளே நிரப்பி, அவற்றின்மேல் கட்டும் முறையும் தென்னாட்டு அணைகளிலும் பாலங்களிலும் பரவியது. அக்கிணறுகளை இறக்கிய தொழிலாளரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. நன்றி சொன்ன பொறியாளரின் பெயர் நிலைத்தது. நன்றிக்குரியோர் பெயர் மறைந்தது.

இதனால் எல்லாம் நம் முன்னோருக்கே தெரியும் என்று சொல்லிவிடுதல் முறையன்று. மண்ணின் வலிமையை எண்ணால் அளக்கும் கலை புதியது. பிராகு நகரில் பிறந்த கார்ல் தெர்சாகி 1925-இல் வியன்னாவில் வெளியிட்ட நூலே அதற்கு அடிப்படையாயிற்று. இன்று நகரங்களில் மனையைத் துளையிட்டு, 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாயை மண்ணுள் 45 சென்டிமீட்டர் இறக்குகின்றனர். கடைசி 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி தேவைப்பட்டது என்பதே கணக்கு. ஐந்தாறு அடியில் இறங்கினால் மண் தளர்ந்தது. ஐம்பது அடித்தும் இறங்காவிடில் மிக உறுதியானது. குழாயில் சிக்கிய மண் ஆய்வுக்கூடம் செல்கிறது. கொச்சியில் கடற்களிமண்ணைத் துளைத்து, மிக ஆழத்தில் உள்ள உறுதியான அடுக்குவரை அடித்தளத் தூண்களை இறக்க நேர்வது இத்தகைய சோதனையினாலேயே தெரியவருகிறது.

வெளிமாநிலத்தில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு சொந்த ஊரில் வீடு கட்டுவோர் நம்முள் பலர். மனையை நேரில் காண விடுமுறை போதாது; உறவினரோ மேஸ்திரியோ பார்த்துக்கொள்வர். நிலைக்கதவுக்குத் தேக்கு வேண்டும் என்று கடிதம் எழுதுவோர், துளையிட்டுப் பார்த்தீர்களா என்று ஒரு வரி சேர்ப்பதில்லை. தேக்கின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு பெரிதன்று.

கரிசலுக்கு மருந்து இல்லாமல் இல்லை. 1947-இல் ரூர்க்கியில் நிறுவப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், இந்நாட்டுக் கரிசலுக்கு ஏற்ற குமிழ்த் தூண் முறையை வளர்த்து வழக்கிற்குக் கொண்டு வந்தது. கையாலேயே சுழற்றும் துளைக்கருவியால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழம் துளையிடுவர். பருவ மாற்றத்தால் மண் அசைவது பெரும்பாலும் அந்த ஆழத்தோடு நின்றுவிடும். பிறகு வேறொரு கருவியை உள்ளே விரித்துச் சுழற்றி, அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலமான குமிழ் ஒன்றைக் குடைவர். கம்பியும் கான்கிரீட்டும் இட்டால், மேல்மண் பருத்து இழுத்தாலும் குமிழ் தூணை மேலெழ விடாது. தூண்களின் தலைமேல் ஓடும் உத்தரத்துக்கும் தரைக்கும் இடையே எட்டுச் சென்டிமீட்டர் இடைவெளி விடவேண்டும். மழைக்காலத்தில் மண் உயர்வதற்கு அந்த இடம்.