அச்சச் சுவை: பேய்க்கதை இலக்கியத்தின் வேரும் விழுதும்

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது தோன்றும் நிலைக்களன்களாக அவர் கூறுவன நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இந்நான்கனுள் முன்னிற்பது அணங்கு. கண்ணாற் காணப்படாததும், கையாற் பற்றப்படாததும், ஆயினும் உள்ளத்தை நடுங்கச் செய்வதுமாகிய ஒன்றை முதலில் வைத்த அப்பேராசான் மனித இயல்பை நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. வன்னிநிலத்தில் வாழ்ந்தோர்க்கு இந்நான்கும் நூலறிவு அல்ல, பட்டறிவு. அவ்வாறாயின், அச்சத்தையே சுவையாகக் கொண்டு பிறந்த பேய்க்கதை இலக்கியம் எங்கிருந்து வேர்கொண்டது, எவற்றை நமக்கு விட்டுச்சென்றது என்பதனை ஆராய்வது நமக்குப் புறம்பான முயற்சியாகாது.

முதற்கண் மேனாட்டு வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். ஆங்கிலத்தில் இவ்வகைப் புனைகதைக்கு வழிகோலியது ஓரேசு வால்போல் 1764இல் வெளியிட்ட 'ஒற்றாண்ரோக் கோட்டை' என்னும் நூல் என்பர். அறிவுக்கு ஒவ்வாதனவற்றையெல்லாம் விலக்கிவிட்டோம் என்று ஐரோப்பியர் பெருமைகொண்ட காலத்திலேயே, பாழடைந்த கோட்டையும், நடமாடும் உருவங்களும், முன்னோர் பழியும் கதைக்குள் மீண்டும் நுழைந்தமை சிந்தித்தற்குரியது. தலைவாயிலால் வெளியேற்றப்பட்ட அச்சம் புழைக்கடை வழியே உட்புகுந்தது எனலாம்.

அடுத்த பெருநிகழ்ச்சி 1816ஆம் ஆண்டிற்குரியது. அதற்கு முந்திய ஆண்டில் இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றான சும்பாவாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மறைத்தமையால் ஐரோப்பாவிற் கோடையே தோன்றாதொழிந்தது. செனீவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டினுள் அடைபட்ட பைரன், ஷெல்லி முதலியோர் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுதுபோக்கினர். தாமும் ஆளுக்கொரு கதை எழுத உடன்பட்டனர். அவ்வுடன்பாட்டின் பயனாக, அப்போது பதினெட்டே வயதினரான மேரி ஷெல்லி எழுதத் தொடங்கிய 'பிராங்கன்ஸ்ரைன்' 1818இல் வெளிவந்தது. அக்கூட்டத்தில் இருந்த மருத்துவர் பொலிடோரி எழுதிய 'வம்பையர்' 1819இல் அச்சேறியது. கீழ்த்திசைக் கடலில் எழுந்த ஒரு தீ மேற்றிசை இலக்கியத்தில் இரு நூல்களுக்குக் காரணமாயிற்று!

பின்னர் அமெரிக்காவில் எட்கார் அலன் போ (1809 – 1849) அச்சத்தைக் கோட்டையிலிருந்து மனத்துக்குள் மாற்றினார். கதை சொல்வோனின் அறிவே திரிந்துவிட்டதோ என ஐயுறவைப்பது அவர் கண்ட உத்தி. லெ பனு 1872இல் 'கார்மில்லா'வையும், பிராம் ஸ்ரோக்கர் 1897இல் 'டிராகுலா'வையும் தந்தனர். அல்ஜேணன் பிளாக்வுட் 1907இல் வெளியிட்ட 'வில்லோ மரங்கள்' என்னும் கதையில், டனியூப் ஆற்றிடைத் தீவொன்றின் மரக்கூட்டமே அச்சத்தின் உருவாயிற்று. இவர்கள் அனைவரையும் கற்றுத் தெளிந்து, 1927இல் இவ்வகை இலக்கியத்தின் வரலாற்றை ஒரு நெடுங்கட்டுரையாக எழுதியவர் எச். பி. லவ்கிராப்ற் (1890 – 1937). 1923இல் தொடங்கப்பட்ட 'வியர்ட் ரேல்ஸ்' என்னும் மலிவுவிலைச் சஞ்சிகையிலேயே அவர் கதைகள் பெரும்பாலும் வெளிவந்தன. வறுமையிலும் புகழின்மையிலும் அவர் மறைந்தபின், நண்பர் இருவர் 1939இல் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்னும் பதிப்பகத்தை நிறுவி அவர் எழுத்துக்களைக் காத்தனர். நூலாக்கி வைப்பார் இல்லையெனின் அப்பெயர் இன்று நம் செவிக்கு எட்டியிராது. இதனை நினைவிற் கொள்க. இக்கட்டுரையின் இறுதியில் இதற்குப் பயன் உண்டு.

இம்மேனாட்டு மரபு தன்னிலேயே முளைத்த தனிமரம் அன்று. கீழ்த்திசைக் கதைகள் அதற்கு உரமாயின. 'ஆயிரத்தோர் இரவுகள்' ஐரோப்பிய மொழிகளிற் பரவியபின், 1786இல் பெக்போர்டின் 'வதெக்' ஆங்கிலத்தில் வெளிவந்தது. சிறுவனாயிருந்தபோது அவ்வரபுக் கதைகளில் மயங்கியதை லவ்கிராப்ற் தாமே குறிப்பிட்டுள்ளார். இவற்றினும் நமக்கு அணுக்கமானது வேதாளக் கதை. சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தைத் தோளிற் சுமந்து வரும் அரசன், அப்பிணத்துட் புகுந்து வினா எழுப்பும் வேதாளம் என்னும் அமைப்புடைய அக்கதைத் தொகுதியைச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் தம் கதாசரித்சாகரத்துட் சேர்த்தார். அதன் தமிழ் வடிவத்தைப் பபிங்டன் என்பார் மொழிபெயர்க்க, அது 1831இல் இலண்டனில் அச்சாயிற்று. றிச்சட் பேட்டனின் புகழ்பெற்ற விக்கிரமனும் வேதாளமும் பற்றிய நூல் வெளிவந்ததோ 1870இல். ஆகவே ஆங்கிலேயர் தம் வீட்டுக் கணப்பருகே வேதாளத்தின் குரலைக் கேட்டற்குத் தமிழும் ஒரு வாயிலாய் இருந்தது என்க.

இனி, நம் இலக்கியத்துள் இச்சுவை நின்ற நிலையைக் காண்போம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே வழிநடந்து சுடுகாட்டை அடைகின்றான். ஆங்கு ஒரு பேய்மகள் பெண்ணொருத்தியின் தலையைக் கையிலேந்தி ஆடக் காண்கின்றான். ஓடிவந்து தாய் கோதமையிடம் கூறி உயிர்விடுகின்றான். இறந்த மகனை ஏந்திய அத்தாய் நள்ளிருளில் சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகின்றாள். தெய்வம் தந்த விடை வியப்புக்குரியது: அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை; சிறுவனின் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே அவனுயிரைக் கொண்டுசென்றது. உலகின் பேய்க்கதைகளுள் எது முதன்மையானது என்று வினவுவார்க்கு இக்காதையைத் துணிந்து காட்டலாம். இடுகாட்டின் கோரம் முழுவதையும் கண்முன் நிறுத்திவிட்டு, கொன்றது பேயன்று என முடிக்கும் புலவரின் உள்ளத்திண்மை பிறரிடம் எளிதிற் காணப்படுவதன்று.

காரைக்காலம்மையார் செய்ததோ இதனினும் அரிது. பிறரெல்லாம் பேயைக் கண்டு ஓட, அவர் பேய்வடிவை வேண்டிப் பெற்றார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் வற்றிய உடலும் குழிந்த கண்ணும் உடைய பேய்கள் உலவுகின்றன, தீ எரிகின்றது, நரி ஊளையிடுகின்றது. அவற்றின் நடுவே இறைவன் ஆடுகின்றான். தம்மைக் காரைக்காற் பேய் எனவே அவர் கூறிக்கொண்டார். அச்சம் பத்தியாக மாறும் இடம் அது. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலோ பேய்கள் பசியால் வாடுகின்றன. போர்க்களத்திற் கூழ் அட்டு உண்கின்றன. ஆங்கே அச்சம் நகையாக மாறுகின்றது. எனினும், வென்ற மன்னனின் புகழுக்கு இறந்தோர் உடலே உலைப்பொருள் என்பதை அந்நகைப்பு மறைக்கவில்லை.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியின் கதை மற்றொரு வகை. முற்பிறவியிற் கணவனாற் கொல்லப்பட்டவள் பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி, மறுபிறவியில் வணிகனான அவனைத் தன் கணவன் என வழக்காடுகின்றாள். ஊரவையில் இருந்த வேளாளர் எழுபதின்மர், அவனுயிர்க்குத் தம்முயிரே ஈடு என வாக்களிக்கின்றனர். இரவில் அவன் மாளவே, எழுபதின்மரும் தீயிற் புகுந்து சொற்காத்தனர் என்பது வரலாறு. ஞானசம்பந்தர் தேவாரமும் இந்நிகழ்ச்சியைச் சுட்டுகின்றது. இக்கதையிற் பேய் எனப்படுவது யாது? நீதி கிடையாமல் இறந்த ஒருத்தியின் வழக்கே அது.

இங்கே மேனாட்டு மரபுக்கும் நம் மரபுக்கும் இடையே ஒரு வேறுபாடு புலனாகின்றது. டிராகுலா அயல்நாட்டிலிருந்து கப்பலேறி வருபவன். லவ்கிராப்ற் தம் நகர்க்கு வந்து குடியேறிய பிற இனத்தோரை வெறுத்தவர். அவ்வெறுப்பு அவர் கதைகளிற் பூதவடிவம் கொண்டமையை இன்றைய ஆய்வாளர் மறைப்பதில்லை. அவர்க்கு அச்சம் தருபவன் அந்நியன். நம் கதைகளில் அச்சம் தருபவள் பெரும்பாலும் நம்மவள், நாம் தீங்கிழைத்தவள். அந்நியனைப் பேயாக்கும் கதை பகைமையை வளர்க்கும். தீங்கிழைக்கப்பட்டவளைப் பேயாக்கும் கதை மனச்சான்றை எழுப்பும். கலைநயம் இரண்டிற்கும் ஒன்றாயினும் பயன் ஒன்றன்று.

இவ்விரு மரபும் கலந்த இடம் புதுமைப்பித்தன் (1906 – 1948). மேரி ஷெல்லியின் நூலைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழாக்கியவர் அவர். 'பிரம்ம ராக்ஷஸ்', 'வேதாளம் சொன்ன கதை' என்பன பழைய மரபை அவர் கைக்கொண்ட விதத்தைக் காட்டுவன. 1943இல் வெளிவந்த 'காஞ்சனை'யில், எழுத்தாளன் ஒருவனின் வீட்டிற்குப் பிச்சைகேட்டு வந்த பெண் ஒருத்தி வேலைக்கு அமர்த்தப்படுகின்றாள், இரவில் இனமறியா மணம் ஒன்று வீசுகின்றது, கணவன் உறக்கமிழக்கின்றான். அவள் பேயா, அன்றி அவன் மனமயக்கமா என்பதை ஆசிரியர் கூறவில்லை. பேயில் நம்பிக்கை இல்லை, ஆயினும் பயம் இருக்கின்றது என்னும் கருத்துப்பட அவர் கூறியது சம்பாபதியின் விடைக்கு இருபதாம் நூற்றாண்டு எழுதிய உரைபோலும். போவின் உத்தியும் நம் பாட்டியரின் கதைமரபும் அச்சிறுகதையில் ஒன்றாயின. ஒன்றை மட்டும் கேட்கத் தோன்றுகின்றது: அவ்வீட்டார் அஞ்சியது பேய்க்கா, வறியவள் ஒருத்தி வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்டமைக்கா? 'மகாமசானம்' என்னும் கதையில், நகரத்து நடைபாதையிற் கிழப் பிச்சைக்காரன் ஒருவன் சாகக் கிடப்பதைக் காட்டி, பேயே இல்லாத சுடுகாட்டையும் அவர் எழுதிவிட்டார்.

பின்வந்தோரும் இவ்வழியை விடவில்லை. ஜெயமோகன் 'நிழல்வெளிக் கதைக'ளில் நாஞ்சில்நாட்டு யட்சிகளை மீட்டெடுத்தார். 2011இல் வெளிவந்த 'காஞ்சனா' திரைப்படத்தில், நிலத்தைப் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட திருநங்கை ஒருவர் ஆவியாகி நீதி கேட்கின்றார். ஆரவாரமும் கேலியும் மிகுந்த அப்படத்தினுள்ளும் பழையனூர் நீலியே உலவுகின்றாள்.

வன்னியின் நிலை யாது? 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேட்டைப் புரட்டுவோர், காடு மூடிய குளங்களையும், காய்ச்சலால் அருகிய ஊர்களையும் காண்பர். இத்தகைய நிலத்தில் அச்சம் தனக்கென ஒரு நில அமைப்பை வகுத்துக்கொண்டது. குளக்கட்டில் ஐயனார் காவல், பாலைமரத்தடியில் முனி, காட்டுவழியிற் காடேறி, பிள்ளைப்பேற்று வீட்டிற் கொத்தி. காட்டினுட் புகுவோர் கொப்பொன்றை முறித்து மரத்திற் செருகி வணங்கிச் செல்லும் வழக்கம் உண்டு. பிளாக்வுட் எழுத்தில் வடித்த வன அச்சத்தை நம் தேனெடுப்போரும் வேட்டைக்காரரும் ஒரு சிறு கொப்பினாற் சொல்லிவிட்டனர். வேறுபாடு ஒன்றே: அவர் கதையிற் காடு மனிதனை விலக்குகின்றது, இங்கே காட்டிடம் மனிதன் இசைவு கேட்கின்றான். கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளைக் கண்ணகியின் வைகாசிப் பொங்கலும் இவ்வுலகைச் சேர்ந்ததே. நீதி கிடையாமையால் வெகுண்ட ஒரு பெண்ணை நம் முன்னோர் பேயாக்கவில்லை. தாயாக்கிக் குளிர்த்தி செய்தனர்.

அம்முன்னோரின் கதைகளுள் ஏட்டில் ஏறியன சில, ஏறாதன பல. வேழம் படுத்த அரியாத்தையின் கதையைப் பாடலும் கூத்தும் காத்தன. முனியின் கதையும் கொத்தியின் கதையும் கிழவியர் நாவிலேயே தங்கின. 2004 திசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் விழுங்கியது. 2009 மே மாதம் வரை நிகழ்ந்த போரின் இறுதி மாதங்களில் வன்னி மக்கள் ஊரூராகப் பெயர்ந்து, முள்ளிவாய்க்காலின் சிறு மணற்பரப்பில் ஒடுங்கினர். கதைசொல்லியரும் கேட்டோரும் அவர்களுள் இருந்தனர். ஈமக்கடன் பெறாது போனோர் எத்துணையர்! காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய தொடர்போராட்டம், இறந்தார் என்றும் இருக்கின்றார் என்றும் கூறவியலாத நிலையின் துன்பத்தை உலகுக்கு உரைத்தது. மகன் உயிரைத் தெய்வத்திடம் வாதாடிய கோதமையின் குரல் காப்பியத்தோடு முடிந்துவிடவில்லை.

இத்தகைய மண்ணில் பேய்க்கதை வேண்டுமா எனச் சிலர் வினவலாம். உண்மையே அச்சத்தை மிஞ்சியபின் கற்பனை எதற்கு என்பது அவர் கருத்து. அவ்வினாவைப் புறக்கணித்தல் தகாது. வெறும் நடுக்கத்தை விற்கும் கதை நமக்கு வேண்டியதில்லை என்பதில் நாமும் அவரோடு உடன்படுவோம். ஆயினும் நேரே சொல்லவியலாத துயரைச் சொல்லுதற்கு மக்கள் கண்ட பழைய மொழிகளுள் இஃது ஒன்று. நீலி கதையைச் சொன்னோர் பேயைப் பற்றி மட்டும் பேசினாரல்லர். கொடுத்த வாக்கையும், கொடாத நீதியையும் பற்றிப் பேசினர்.

ஆதலின் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். லவ்கிராப்ற்றின் கதைகளை இரு நண்பர் காத்தனர் என்றோம். நும் பாட்டியாரும் பேரனாரும் அறிந்த கதைகளைக் காப்போர் யாவர்? வருகின்ற விடுமுறையில் ஒருவர் ஒரு கதையையேனும் கேட்டு, சொன்னவாறே, ஊர்ப்பெயரும் குளத்தின் பெயரும் சிதையாமல் எழுதி வருக. நம்பவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பேயில்லை என்று துணிந்தோரும் எழுதலாம். சார்ங்கலன் கதையை எழுதிய புலவரும் அவ்வாறு துணிந்தவரே.