முப்பத்தேழு ஓட்டு

"நம்ம காலேஜ் தேர்தல் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று மலர்க்குழு நண்பர் கேட்டார். ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, தோற்றவனிடம் வந்து கேட்கிறாரே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது.

சென்னை சட்டக் கல்லூரி தொடங்கியது 1891-ல். உயர் நீதிமன்றத்தை ஒட்டி நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். வளாகத்துக்குள்ளேயே எலிஹு யேல் தன் சின்ன மகனைப் புதைத்த கல்லறையும் உண்டு. எங்கள் தேர்தல் பேச்செல்லாம் அதன் நிழலில்தான்.

ஆனால் எனக்குத் தேர்தல் ஆசை வந்தது அங்கே அல்ல, ஆரணியில். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். 1967 தேர்தலில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார். எங்கள் தெருவில் இரண்டு நாள் இதே பேச்சு. சிலர் கொண்டாடினார்கள், சிலர் சாப்பிடவே இல்லை. பிறகு 1971-ல் எங்கள் வட ஆற்காடு மாவட்டத்துக்காரரான துரைமுருகன், நம் கல்லூரியில் சட்டம் படித்தவர், காட்பாடியிலிருந்து சட்டசபைக்குப் போனார். மாணவர் தலைவர் என்பது கோட்டைக்குப் போகும் படிக்கட்டு என்று என்னைப்போல் பல பையன்கள் நம்பியதில் ஆச்சரியம் என்ன!

1973-ல் செயலாளர் பதவிக்கு நின்றேன். ஊருக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். குழித்தறியில் உட்கார்ந்திருந்தவர், நாடாவை நிறுத்தாமலே கேட்டார்: "ஜெயிச்சா என்னடா சம்பளம்?"

"சம்பளம் கிடையாது நைனா."

ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஏறும்போது 150 ரூபாய் கையில் வைத்தார். இரண்டு பட்டுச் சேலை நெய்த கூலி அது. பரீட்சைக் கட்டணத்துக்கு என்று கொடுத்தது. நான் அதைச் சுவரொட்டிக்குச் செலவழித்தேன். பெயர் பெரிய எழுத்தில், இரண்டு வர்ணத்தில்! பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை.

தோற்றேன். முப்பத்தேழு ஓட்டு வித்தியாசம். தப்பு முழுக்க என்னுடையது. விடுதியில் இருந்த வட ஆற்காட்டுப் பையன்களை மட்டுமே சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டிலிருந்து வந்து போகிறவர்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முடிவு வந்த மறுநாள் உடன் படித்த மாணவி ஒருத்தர் நேராகவே சொன்னார்: "எங்க யார்கிட்டயும் நீங்க ஓட்டே கேக்கலியே." கேட்டிருந்தால் போட்டிருப்பார்களா, தெரியாது. ஆனால் அந்த வார்த்தை, ஆரணிக் கோர்ட்டில் தொழில் செய்த இத்தனை வருஷத்திலும் மறக்கவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு நிலைமை வேறு. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும்தான். 75 சதவீத வருகை வேண்டும். நிர்வாகிப் பதவிக்கு ஒருமுறைதான் நிற்கலாம். இவ்வளவு விதி வந்தும், தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தலே அரிதாகிவிட்டது. 2008 நவம்பர் 12-ம் தேதி நம் வளாகத்தில் மாணவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நேருக்கு நேர் நின்று ஓட்டுக் கேட்டுப் பழகியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று நினைத்தேன். அப்படி நினைப்பது கிழவனின் ஆசையாகவும் இருக்கலாம். எங்கள் காலத்திலும் சாதி பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் உண்டு. 2018-ல் கல்லூரியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது.

லிங்டோ விதிகளில் இன்னொன்றும் உண்டு: முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் வேட்பாளர் கணக்குக் காட்ட வேண்டும். என்னிடம் கணக்குக் கேட்டவர் ஒருவர்தான்.

"எவ்ளோ ஓட்டுல போச்சு?"

"முப்பத்தேழு, நைனா."

"பணம்?"

சுவரொட்டி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நெசவாளர் சங்கத் தேர்தல்ல நான் ரெண்டு ஓட்டுல தோத்தேன். உங்க மாமாவே போடல" என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, பரீட்சைக்குக் கட்ட எங்கே புரட்டலாம் என்று கேட்டார்.