சங்கு சென்ற நாட்டுப் போர்வைகள்

முத்துக்குளித்துறையின் வரலாற்றை முத்தைக் கொண்டே எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் தூத்துக்குடிக் கடல் முத்தோடு சங்கையும் தந்தது. நம் முன்னோர் மூச்சடக்கி எடுத்த சங்கு, மரக்கலமேறி வங்காளம் சென்று, அங்கு மணமான பெண்களின் கைவளையாயிற்று. போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் கோவாவில் அச்சேறிய தம் நூலில் இவ்வணிகத்தைக் குறிப்பிடுகின்றார்.

அதே வங்காளத்திலிருந்து 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வேறொரு சரக்கு லிஸ்பன் நகருக்குச் சென்றது. அது பூத்தையல் போர்வை. 1535-37 ஆண்டுகளில் நம் பரதவ முன்னோர் திருமுழுக்குப் பெறத் துணைநின்ற போர்த்துக்கீசியரே, சரஸ்வதி ஆற்றங்கரையில் இருந்த சாத்காவ் துறைமுகத்தில் இப்போர்வைகளை விரும்பி வாங்கினர். வெண்பருத்தித் துணிகளை அடுக்கி, தசர் எனும் காட்டுப்பட்டின் மஞ்சள் நூலால், சங்கிலித் தையலில் அவற்றை நிரப்பினர் கைவினைஞர். கப்பல்கள், வேட்டைக்காரர், கடற்கன்னியர் எனப் பல உருவங்கள் அவற்றில் உண்டு. இவற்றினிடையே சாலமோன் அரசர் வழங்கிய தீர்ப்பையும், தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்குக் குருதியூட்டும் பெலிக்கன் பறவையையும் காண்கிறோம். இத்தகைய போர்வைகள் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

பெலிக்கன் நமக்குப் புதிய பறவையன்று. நற்கருணைப் பேழைகளிலும் குருக்களின் திருவுடைகளிலும் அதைக் கண்டிருக்கின்றோம். புனித தோமா அக்குவினா தம் நற்கருணைப் பாடலொன்றில் ஆண்டவரை இப்பறவையின் பெயராலேயே அழைக்கின்றார். தம்மையே உணவாக அளிக்கும் அன்பின் அடையாளம் அது.

இவ்வடையாளத்தை ஊசியால் எழுதிய வங்கக் கைவினைஞரின் பெயர்கள் வரலாற்றில் நிலைக்கவில்லை. வாங்கியவர் நாட்டின் பெயர் நின்றது. விற்ற துறைமுகத்தின் பெயரும் நின்றது. தைத்தவர் பெயர் மட்டும் மறைந்தது. மீட்பின் மறைபொருளை அழகுற உருவாக்கிய கைகளுக்கு நாம் நன்றி சொல்லவும் வழியில்லை.

இது பழங்கதை மட்டுமா? நம் ஆலயச் சுவர்களில் உபயகாரர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பீடத்துணியின் ஓரத்தில் பூவேலை செய்த சகோதரியின் பெயர் எங்கே உள்ளது? பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துப் பேரக்குழந்தைக்குப் போர்வையாக்கிய பாட்டியின் உழைப்பை நாம் கைவேலை என்று எண்ணுகிறோமா, பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறோமா?

விடுதலைப் பயண நூல், சந்திப்புக் கூடாரத்தை அமைத்த பெட்சலேல், ஒகோலியாபு ஆகியோரைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. தங்கள் கையாலே நூல் நூற்றுக் கொணர்ந்த பெண்களையும் அது மறக்கவில்லை. எனினும், அவர்கள் பெயர்களைத் தரவில்லை. அக்குறையை நம் பங்குகளிலாவது நிறைவு செய்வோம். திருவிழாவுக்குப் புதிய பீடத்துணி விரிக்கப்படும்போது, தைத்தவரின் பெயரைப் பங்குக் குறிப்பேட்டில் எழுதிவைப்போம். மூச்சடக்கி முத்தெடுத்தவர் பெயர்களை நம் கடற்கரை இழந்துவிட்டது. ஊசி பிடித்தவர் பெயர்களையும் இழந்துவிட வேண்டாம்.