கேட்போர் : சேலத்து மேடைகளும் பேச்சுரிமையும்

தொல்காப்பியர் செய்யுளுக்குரிய உறுப்புகளாக 34-ஐச் செய்யுளியலின் தொடக்கத்தே எண்ணுகின்றார். மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என யாப்பின் உறுப்புகளைச் சொல்லி வருபவர், அவற்றோடு ஒருங்கே கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவற்றையும் வைக்கின்றார். சொல்பவர் இருந்தால் மட்டும் செய்யுள் நிரம்பிவிடாது. கேட்பவர் இன்னார், கேட்கும் இடம் இது, பொழுது இது என்பனவும் சேர்ந்தே அது முழுமை பெறும் என்பது அப்பேராசான் கருத்து. திருவள்ளுவரும் சொல்வன்மையைப் பேசியதோடு அமையாது, கேள்விக்கு ஓரதிகாரமும் அவையறிதலுக்கு ஓரதிகாரமும் வகுத்தார்.

இத்துணை நுட்பமாகக் கேட்போரை எண்ணிய மொழியில், மேடைப்பேச்சின் வரலாறு மட்டும் பெரிதும் கூற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. யார் பேசினார், என்ன பேசினார், எத்தனை மணி நேரம் பேசினார் என்பவை நூல்களில் உள்ளன. எதிரே அமர்ந்தவர் யார், அவர் கேட்டது எது, கேட்டபின் என்ன செய்தார் என்பவை அருகியே கிடைக்கின்றன. சேலம், நாமக்கல் பகுதியின் மேடைகளை முதன்மையாகக் கொண்டு அக்குறையை ஒருவாறு நிரப்ப முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற் குறிப்பாளர்

தமிழகத்தில் பொதுமக்களை நோக்கித் தாய்மொழியில் அரசியல் பேசும் வழக்கம் சுதேசி இயக்கக் காலத்தில் வலுப்பெற்றது. 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய சொற்பொழிவுகள் ஆலைத் தொழிலாளரையும் வணிகரையும் ஓரிடத்தில் கூட்டின. மார்ச் 12-இல் இருவரும் கைதாயினர்; ஜூலை 7-இல் தண்டனை பெற்றனர். சிவா பின்னர்ச் சேலம் சிறையிலும் அடைபட்டு, தொழுநோயோடு வெளிவந்தார் என்பது நம் மாவட்டத்தார் மறக்கலாகாத செய்தி.

அவ்வழக்கில் சான்றாக நின்றவை அப்பேச்சுகளைக் கேட்ட காவல்துறையினரின் குறிப்புகளும் சாட்சியங்களுமே. மேடைத் தமிழின் தொடக்கக் காலத்தைப் பற்றி இன்று நாம் அறிவனவற்றுள் ஒரு பெரும்பகுதி, பேசியவரைச் சிறைக்கு அனுப்புவதற்காகவே கேட்டவர் எழுதிவைத்தவற்றிலிருந்து கிடைப்பது. அக்கூட்டங்களில் நின்ற ஆயிரக்கணக்கானவருள் தாம் கேட்டதைத் தமக்காக எழுதி வைத்தவர் மிகச் சிலர். ஆதலால், கேட்டவர் மகிழ்ந்தனரா, ஐயுற்றனரா, பாதியில் எழுந்து போயினரா என்பதை இன்று காவல்துறைக் கோப்புகளின் வழியே உய்த்துணர வேண்டியுள்ளது.

அவையின் அமைப்பு மாறுதல்

கேட்போர் அவையில் பெண்கள் திரளாக இடம்பெற்றமை தனியே எழுதத்தக்கது. 1938 நவம்பர் 13-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை ஏற்றார். ஈ.வெ. இராமசாமி அவர்களுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டம் அம்மாநாட்டில்தான் வழங்கப்பெற்றது. அவையோரே ஒருவர்க்குப் பெயர் சூட்ட, அப்பெயரே வரலாற்றில் நிலைபெற்றது. மறுநாளே பெண்கள் இந்தி எதிர்ப்பு மறியலில் இறங்கிச் சிறை புகுந்தனர். கேட்டவர் செய்பவராயினர்.

1944 ஆகஸ்டு 27-இல் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடு மற்றொரு திருப்பம். கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என மாறியதும், ஆங்கில அரசு அளித்த பட்டங்களைக் கட்சியினர் துறக்க வேண்டும் என்று அண்ணா கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியதும் அங்கேதான். முன்வரிசையில் அமர்ந்திருந்த பட்டதாரிப் பிரமுகர்களின் கட்சி, பின்வரிசையில் நின்றவர்களின் இயக்கமாக மாறிய நாள் அது எனலாம். இம்மாற்றத்தைத் தீர்மானத்தின் சொற்களில் காண்கிறோம். கூட்டத்தில் நின்ற ஓர் ஓமலூர் உழவரோ ஆத்தூர் நெசவாளரோ அதனை எவ்வாறு உணர்ந்தார் என்று கூறும் ஏடு நம் கையில் இருப்பின் இவ்வரலாறு இன்னும் செறிவுறும்.

சேலம் சிறையும் அரசியலமைப்பும்

பேச்சுரிமை பற்றிய இந்தியச் சட்ட வரலாற்றின் முதல் ஏட்டிலேயே சேலத்தின் பெயர் அருகிருக்கக் காண்கிறோம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து மூன்று வாரமும் நிறையாத 1950 பிப்ரவரி 11-இல் சேலம் மத்தியச் சிறையில் பொதுவுடைமைக் கட்சிக் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபார்ப் பகுதியினர்.

பதினெட்டு நாள் கழித்து, மார்ச் 1-இல், பம்பாயிலிருந்து இரமேஷ் தாப்பர் நடத்தி வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துள் நுழையக்கூடாதென மாகாண அரசு ஆணையிட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1950 மே 26-இல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய பதஞ்சலி சாஸ்திரி. கருத்தைச் சொல்லும் உரிமையினுள் அக்கருத்தைப் பரப்பும் உரிமையும் அடங்கும். பிறர் கைக்குச் சென்று சேராத வெளியீட்டால் பயனில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அரசின் ஆணை செல்லாதென்றாயிற்று.

தொல்காப்பியர் நெறியில் நோக்கின், கூற்று உரிமைக்குள் கேட்போரையும் சேர்த்தெண்ணிய தீர்ப்பு இது. ஆயின், அது நெடுநாள் முழுவலிமையோடு நிற்கவில்லை. 1951 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம், ‘பொது ஒழுங்கு’, ‘குற்றம் புரியத் தூண்டுதல்’ முதலியவற்றைப் பேச்சுரிமைக்கான வரம்புகளாகச் சேர்த்தது. அவ்வரம்புகள் ‘நியாயமானவை’யாக இருத்தல் வேண்டும் என்னும் சொல்லையும் உடன் சேர்த்தது. அன்று தொட்டு இன்றுவரை நடைபெறும் பேச்சுரிமை வழக்குகள் பல இவ்விரு சேர்க்கைகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே நிகழ்கின்றன.

கண்டவர் இருவர், காட்சி இரண்டு

1971 ஜனவரி 23, 24 நாள்களில் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடைபெற்றது. பெரியார் கலந்துகொண்ட அம்மாநாட்டின் ஊர்வலத்தில் புராணக் காட்சிகள் வண்டிகளில் இடம்பெற்றன. எதிர்த்தவர்கள் கருங்கொடி காட்டினர், செருப்பு வீசப்பட்டது, அதன் தொடர்ச்சியாக இராமர் உருவம் செருப்பால் அடிக்கப்பட்டது. இதுபற்றிய படங்களை வெளியிட்ட ‘துக்ளக்’ இதழின் படிகள் கைப்பற்றப்பட்டன. ஊர்வலம் நடத்தும் உரிமை, அதனை எதிர்க்கும் உரிமை, அதனை அச்சிடும் உரிமை ஆகிய மூன்றும் ஒரு தெருவில் ஒரே பொழுதில் மோதிக்கொண்ட நிகழ்ச்சி இது.

இதன் பின்கதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 2020 ஜனவரி 14-இல் துக்ளக் பொன்விழாவில் நடிகர் ரஜினிகாந்த் அவ்வூர்வலத்தைப் பற்றிக் கூறிய சில விவரங்கள் பெரும் சர்ச்சையை எழுப்பின. உருவங்கள் எந்நிலையில் கொண்டு செல்லப்பட்டன, முதலில் செருப்பை எறிந்தவர் யார், எதனை நோக்கி எறிந்தார் என்பன ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் வாதத்துக்கு வந்தன. ஆயிரக்கணக்கானோர் கண்முன் பகலில் நடந்த நிகழ்ச்சி! எனினும், கண்டவர்கள் ஊர்வலத்தவராகவோ கருங்கொடியினராகவோ இருந்தமையால், அவரவர் சான்றை அவரவர் தரப்பினரே நம்பினர். எத்தரப்பும் சாராது சாலையோரத்தில் நின்று, மணியையும் இடத்தையும் குறித்து எழுதிய ஒருவரின் கைக்குறிப்பு அன்று எழுதப்பட்டுக் காக்கப்பட்டிருப்பின் அதன் மதிப்பு எத்தகையதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேளாதார் சினம்

கேட்போர் சினந்தால் பேசுபவர் வாய் மூட வேண்டுமா என்பது அடுத்த வினா. இட ஒதுக்கீட்டைப் பொருளாகக் கொண்ட ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்ப்படம் பற்றிய வழக்கில் 1989-இல் உச்சநீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. வெடிமருந்துக் கிடங்கில் வீழும் தீப்பொறி போல உடனடியான, நேரான தீங்கு இருந்தாலன்றிக் கருத்தைத் தடுக்கலாகாது. எதிர்ப்பாளரை அடக்க இயலவில்லை என்று அரசு கைவிரித்தலும் ஆகாது என்றது.

சட்டம் இவ்வாறு தெளிந்திருந்தும், கால் நூற்றாண்டு கழித்து நம் பகுதியில் நிகழ்ந்தது வேறு. நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் பயிற்றி வந்த பெருமாள்முருகன் 2010-இல் எழுதிய ‘மாதொருபாகன்’ புதினத்துக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி எழுந்தது. நூலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு ஊரில் பரவின. முழு நூலையும் படித்துச் சினந்தவர் சிலர். அப்பக்கங்களை மட்டும் கண்டு சினந்தவர் பலர். 2015 ஜனவரி 12-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம் அப்பேச்சுவார்த்தையின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலை மூடி வைக்கும் உரிமை படிப்பவர்க்கு உண்டு. எழுதியவரை மூடச் செய்யும் உரிமை இல்லை என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் இவ்வட்டாரத் தமிழாசிரியர் பலர் வகுப்பறையில் புதினம் கற்பிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டனர் என்பதை அத்துறையில் இருப்பவள் என்ற முறையில் அறிவேன். அச்சம் எந்தச் சட்டநூலிலும் பதிவாவதில்லை.

கெங்கவல்லியில் கேட்டல்

கெங்கவல்லியிலும் தம்மம்பட்டி, வீரகனூர், ஆத்தூர் ஆகிய ஊர்களிலும் நடைபெறும் எல்லாக் கட்சிப் பொதுக்கூட்டங்களுக்கும், சேலத்தில் நடைபெறும் கருத்துரிமை மாநாடுகளுக்கும் வாய்ப்புற்றபோதெல்லாம் சென்று குறிப்பெடுக்கும் வழக்கம் எனக்கு உண்டு. எக்கட்சியிலும் உறுப்பினராக இல்லாமையும், பத்திரிகையாளராக இல்லாமையும் இதற்கு உதவுகின்றன. அக்குறிப்புகளிலிருந்து மூன்று செய்திகளை மட்டும் இங்குத் தருகின்றேன்.

முதலாவது, நாற்காலியில் அமர்ந்தவரைக் கொண்டு கூட்டத்தை அளக்கலாகாது. மேடைக்கு எதிர்ப்புறத் தேநீர்க் கடையிலும், பூட்டிய கடைகளின் படிகளிலும், நிறுத்திய வண்டிகளின் மேலும் மாற்றுக் கட்சியினர் அமர்ந்து முழுப்பேச்சையும் கேட்கின்றனர். நாற்காலியில் அமர்ந்தால் கட்சி மாறியதாகப் பேச்செழும். ஆதலால் நின்று கேட்கின்றனர். மறுநாட் காலை அப்பேச்சை ஒரு சொல் விடாது திருப்பிச் சொல்லி மறுப்பவரும் இவர்களே. அவையஞ்சாமை பேசுபவர்க்கு வேண்டும் என்பர். கேட்பவர்க்கும் அது வேண்டும்.

இரண்டாவது, பெண்கள் முன்வரிசையில் அமர்த்தப்படுகின்றனர். ஆயின், தாம் வந்த வண்டி புறப்படும்போது அவர்களும் எழ வேண்டியுள்ளது. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது விதி. தலைமைப் பேச்சாளர் பெரும்பாலும் ஒன்பதரைக்கு மேல் வருகின்றார். யாரைக் கேட்க வந்தார்களோ அவரைக் கேளாமலே பெண்கள் திரும்புவதைப் பன்முறை கண்டுள்ளேன்.

மூன்றாவது, கருத்துரிமை மாநாடுகள் பற்றியது. அரங்கினுள் நடைபெறும் இம்மாநாடுகளில் மேடையில் உள்ளவரும் எதிரில் உள்ளவரும் பெரும்பாலும் ஒரே கருத்தினர். மாற்றுக் கருத்துடையார் அழைக்கப்படுவதில்லை. அவையோர் வினவ நேரம் ஒதுக்கப்படுவதும் அரிது. உரிமையைப் போற்றும் அவையில் அவ்வுரிமையைச் செலுத்திப் பார்க்க இடமில்லாமற் போவது எண்ணத்தக்கது. தேநீர்க் கடைத் திண்ணையில் நிகழும் கேள்வி, குளிரூட்டிய அரங்கில் நிகழ்வதில்லை.

கேட்போரின் உயிர்

2025 செப்டம்பர் 27-ஐ விடுத்து இக்கட்டுரையை முடித்தல் இயலாது. அன்று பகலில் நாமக்கல்லிலும் இரவில் கரூரிலும் தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய் மக்களிடையே பேசினார். கரூர் வேலுசாமிபுரத்தில் நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். அவருள் பெண்களும் குழந்தைகளும் பலர். வழக்கை நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாற்றி உச்சநீதிமன்றம் அக்டோபர் 13-இல் ஆணையிட்டது. பொறுப்பு யாருடையது என்பது விசாரிப்போர் கடன். இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று: பல மணி நேரம் வெயிலில் நின்றவர்கள் ஒருவரைக் காணவும் கேட்கவும் வந்தவர்கள். களனும் காலமும் கேட்போர்க்கு ஏற்ப அமைதல் வேண்டும் என்னும் பழைய இலக்கணம், இன்று உயிர் காக்கும் நெறியாகவும் நிற்கின்றது. தண்ணீர், நிழல், வெளியேறும் வழி, சொன்ன நேரத்துக்கு வருதல் ஆகியவை பேச்சுரிமையோடு தொடர்பற்ற சில்லறை ஏற்பாடுகள் என்று இனியும் யாரும் கருதலாகாது.

பத்தாண்டு நிறைவில்

நம் வட்டம் பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடி வருகின்றது. கவிஞர்கள் வாசித்த கவிதைகள் தொகுப்புகளாக வந்துள்ளன. ஆயின், அவற்றைக் கேட்டவர் கூறிய மறுப்புகள், எழுந்த பூசல்கள், ஒருவர் சொல்லால் மற்றொருவர் ஓரடியைத் திருத்திக்கொண்ட மாலைகள் ஆகியவை எங்கும் எழுதப்படவில்லை. பதினோராம் ஆண்டிலிருந்து கூட்டந்தோறும் ஒருவர், முறைவைத்து, கேட்போராக மட்டும் அமர்ந்து குறிப்பெழுத வேண்டும் என்று இம்மலரின் வாயிலாக வேண்டுகின்றேன். அவர் அன்று கவிதை வாசிக்கலாகாது. வந்தோர் எண்ணிக்கை, பேசுபொருள், மறுத்தவர் கூறிய காரணம் ஆகியவற்றை நாளிட்டு எழுதினால் போதும். அக்குறிப்பேட்டுக்கு முதல் ஆண்டுப் பொறுப்பினை ஏற்க நான் அணியமாக உள்ளேன்.